கையெழுத்து உங்களுடையது... பதில் யாருடையது?

"இன்டூ மார்க் போட்டிருக்கேன் சார். அந்த இடத்துல எல்லாம் கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் ஃபில்லப் பண்ணிக்கிறேன்."

இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்த வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு குறைவு. ஏஜென்ட் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். பெரியப்பா மகன், கூட வேலை பார்த்தவர், பக்கத்துத் தெரு அக்கா... கொடுத்த காபி ஆறுவதற்குள் பத்துக் கையெழுத்து முடிந்துவிடும். சுகர் உண்டா, பி.பி. உண்டா, ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா, வேறு பாலிசி இருக்கிறதா என்று படிவத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழும். தினமும் காலையில் சுகர் மாத்திரை போடுவது எடுப்பவருக்கும் தெரியும், சில நேரம் ஏஜென்ட்டுக்கும் தெரியும். "அதையெல்லாம் எழுதினா டெஸ்ட்டுக்கு அலைய விடுவாங்க, பிரீமியமும் ஏறும்" என்ற பேச்சோடு விஷயம் முடிந்துபோகும்.

அந்தப் படிவத்தை முதல்முறையாக வரி விடாமல் படிப்பவர் பாலிசி எடுத்தவர் அல்ல. க்ளெய்ம் வந்த பிறகு அதைத் தோண்டி எடுக்கும் கம்பெனியின் விசாரணையாளர்தான் படிக்கிறார். அடுத்துப் படிப்பவர், நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மனைவியோ, அம்மாவோ, பிள்ளையோ. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகளில் கணிசமானவை இந்த ப்ரொபோசல் ஃபார்மைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. படிவத்தில் என்ன கேட்டார்கள், என்ன பதில் எழுதப்பட்டது என்ற இரண்டு விஷயங்களில்தான் லட்சக்கணக்கான ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகிறது.

காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு மற்ற வியாபாரங்களுக்கு இல்லாத ஒரு விதி உண்டு. கடையில் துணி வாங்கும்போது பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. இன்ஷூரன்ஸில் அப்படி இல்லை. எடுப்பவரின் உடம்பும் பழக்கவழக்கமும் அவருக்குத்தான் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 'அதிகபட்ச நம்பிக்கை' என்று சட்டம் இதைச் சொல்கிறது.

இந்தக் கோட்பாட்டின் மூலத்தைத் தேடிப் போனால் 1766-ம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு வழக்கில் போய் நிற்கும். சுமத்ரா தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அந்நிய எதிரி கோட்டையைப் பிடித்துவிட்டால் இழப்பீடு கிடைக்கும்படி அதன் கவர்னர் கார்ட்டருக்காகக் காப்பீடு எடுக்கப்பட்டது. 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். "கோட்டை பலவீனமானது என்பதை கவர்னர் எங்களிடம் மறைத்துவிட்டார்" என்று சொல்லி, காப்பீடு கொடுத்தவர் பணம் தர மறுத்தார். வழக்கைக் கேட்டவர் நீதிபதி லார்ட் மேன்ஸ்ஃபீல்டு. மறைக்கக் கூடாது என்ற விதியை விரிவாகச் சொன்னவர் அவர்தான். ஆனால், அந்த வழக்கில் ஜெயித்தது கவர்னர். காப்பீடு கொடுத்தவருக்குத் தானே தெரிந்திருக்க வேண்டியதையும், கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதையும், பிரீமியத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு காரணமாகக் காட்டக் கூடாது என்பது தீர்ப்பின் மறுபாதி. நிராகரிப்புக் கடிதங்களில் முதல் பாதி மட்டும்தான் தவறாமல் இடம்பெறுகிறது!

ஒரே கேள்வி, இரண்டு தீர்ப்பு

நம் நாட்டு வழக்குகளுக்கு வருவோம். 2009 ஜூலையில் குஜராத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு தனியார் நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்தார். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், இன்னொரு நிறுவனத்தில் 10 லட்சத்துக்கு டெர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்தார். 'வேறு பாலிசி இருக்கிறதா?' என்ற கேள்விக்கு இரண்டாவது படிவத்தில் 'பொருந்தாது' என்று பதில் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். முதல் நிறுவனம் பணம் கொடுத்தது. இரண்டாவது நிறுவனம் மறுத்தது.

மனைவி நுகர்வோர் வழக்கு போட்டார். மாவட்ட மன்றத்தில் தோற்று, மாநில ஆணையத்தில் ஜெயித்தார். தேசிய ஆணையமும் அவர் பக்கமே நின்றது. ஆனால் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு மனிதருக்கு ஏற்கெனவே எவ்வளவு தொகைக்குக் காப்பீடு இருக்கிறது என்பது சாதாரண விவரம் அல்ல. வருமானத்துக்கு மீறிய காப்பீடு குவிகிறதா என்பதைக் கம்பெனி அதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அதனால் அந்த பதில் முக்கியமான உண்மையை மறைத்த பதில் என்றது நீதிமன்றம். 'படிக்காமல் கையெழுத்து போட்டார், ஏஜென்ட்தான் நிரப்பினார்' என்ற வாதமும் எடுபடவில்லை. உண்மையல்லாத ஒரு பதிலின் கீழ் கையெழுத்திட்டவர், படித்துப் பார்க்கவில்லை என்று சொல்லிப் பொதுவாகத் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே கேள்வி மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2014-ல் 25 லட்சத்துக்குப் பாலிசி எடுத்த ஒருவர் அடுத்த ஆண்டு விபத்தில் இறந்தார். வேறொரு நிறுவனத்தில் 40 லட்சத்துக்கு எடுத்திருந்த பாலிசியைப் படிவத்தில் சொல்லியிருந்தார். மொத்தமாக 2.3 லட்சம் மட்டுமே வரும் சில சின்னப் பாலிசிகளைச் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனி மறுத்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு மகனுக்குப் பணம் தரச் சொன்னது. 40 லட்சம் பாலிசி இருப்பது தெரிந்தே 25 லட்சத்துக்கு ஒப்புக்கொண்ட கம்பெனி, 2.3 லட்சம் தெரிந்திருந்தால் மட்டும் மறுத்திருக்குமா என்பதுதான் அடிப்படை. 2019 வழக்கில் எதுவுமே சொல்லப்படவில்லை. இங்கே பெரியது சொல்லப்பட்டிருக்கிறது, சின்னது விடுபட்டிருக்கிறது. சட்டம் எண்ணிப் பார்ப்பது விடுபட்டவற்றின் எண்ணிக்கையை அல்ல, அவை கம்பெனியின் முடிவை மாற்றியிருக்குமா என்பதை.

நோய் விஷயத்திலும் இதே தராசுதான். இடுப்பு எலும்புத் தேய்மானம் இருந்ததைச் சொல்லாத ஒருவர் மாரடைப்பில் இறந்தார். எல்.ஐ.சி. மறுத்தது. அந்தத் தேய்மானம் உயிருக்கு ஆபத்தான நோயும் இல்லை, அவர் சாவுக்குக் காரணமும் இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 'சாவுக்குச் சம்பந்தமில்லாத நோயை மறைத்தால் பரவாயில்லை' என்று இதை ஒரு பொது அனுமதியாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்து. 2020-ல் வந்த இன்னொரு வழக்கைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட்டில் 8.5 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவர் அடுத்த மாதமே இறந்துவிட்டார். கல்லீரல் தொற்று, ரத்த வாந்தி, நீண்டகால மதுப்பழக்கம் என்று மருத்துவமனை ஆவணங்கள் சொல்லின. பாலிசிக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள்ளேயே சிகிச்சை எடுத்திருந்தார். படிவத்தில் எதுவும் இல்லை. கம்பெனி மறுத்தது சரி என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் வழக்கு நடக்கும்போதே பணம் நாமினியான தாயின் கைக்குப் போயிருந்தது. அவருக்கு அப்போது வயது 70. மகனை நம்பி வாழ்ந்தவர். சட்டப்படி கம்பெனி ஜெயித்தாலும், தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இது அந்தத் தாய்க்குக் கிடைத்த இரக்கம். அடுத்த வழக்கில் இதையே உரிமையாகக் கேட்க முடியாது.

மூன்று ஆண்டு என்ற கோடு

ஆயுள் காப்பீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டப் பிரிவு ஒன்றே ஒன்று என்றால், அது 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. முன்பு இரண்டு ஆண்டுகள் கழித்தும் மோசடி என்று சொல்லிக் கம்பெனி கேள்வி எழுப்ப முடிந்தது. 2015-ல் வந்த திருத்தம் அதைத் தலைகீழாக்கியது. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் அந்தப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மோசடி என்றும் சொல்ல முடியாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரீமியம் கட்டாமல் விட்டு, பாலிசி காலாவதியாகி, பிறகு புதுப்பித்தால், அந்தப் புதுப்பித்த தேதியில் இருந்து மூன்று ஆண்டு மறுபடி எண்ணப்படும். பதினைந்து வருடமாக ஓடிய பாலிசியாக இருந்தாலும் இதே கணக்குதான். புதுப்பிக்கும்போது கையெழுத்து வாங்கும் உடல்நல உறுதிமொழியும் ஒரு ப்ரொபோசல் ஃபார்ம்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. 'லேப்ஸ் ஆனதை ரெனியூ பண்ணிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தத் தேதியை ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று ஆண்டுக்குள் என்றால் இரண்டு வழி. வேண்டுமென்றே ஏமாற்றியதாகக் கம்பெனி சொன்னால் அது மோசடி. கட்டிய பிரீமியமும் போய்விடும். மோசடி இல்லை, ஆனால் முக்கியத் தகவல் தவறு என்றால், காப்பீட்டுத் தொகை கிடைக்காவிட்டாலும் கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். எந்தக் காரணம் என்றாலும் ஆதாரத்தோடு எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

கொஞ்சம் கொடுமையான வரி ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது. மோசடி என்று கம்பெனி சொல்லும்போது பாலிசி எடுத்தவர் உயிரோடு இல்லையென்றால், அது மோசடி இல்லை என்று காட்டும் பொறுப்பு பயனாளிகள் மேல் விழுகிறது. பாலிசி எடுத்த அன்று கணவர் மனதில் என்ன நினைத்தார் என்பதை, அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்த மனைவி எப்படி நிரூபிப்பார்?

அதற்கு ஓரளவு ஈடாக இன்னொரு வரியையும் சட்டம் வைத்திருக்கிறது. பாலிசியைப் பேசி முடித்து வாங்கிக் கொடுப்பவர், ஒப்பந்தம் உருவாகும் கட்டத்தில், காப்பீட்டு நிறுவனத்தின் ஏஜென்ட்டாகவே கருதப்படுவார். மறைத்ததாகச் சொல்லப்படும் விஷயம் நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது என்று காட்ட முடிந்தால் மோசடி என்று மறுக்க முடியாது. அப்படியானால் ஏஜென்ட்டுக்கு சுகர் விஷயம் தெரிந்திருந்தது என்பது வெறும் வீட்டுப் பேச்சு அல்ல, வாதாடக் கூடிய ஒரு விஷயம். ஆனால் ஆதாரம் வேண்டும். "எனக்கு சுகர் இருக்கு, ஃபார்ம்ல போட்டுடுங்க" என்று ஏஜென்ட்டுக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், பத்துப் பேர் சாட்சியை விடப் பலமானது.

கேஸ் ஷீட்டில் ஒரு வரி

பாலிசி எடுத்து மூன்று ஆண்டுக்குள் மரணம் வந்தால் கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்புவது வழக்கம். அவர் முதலில் போவது வீட்டுக்கு அல்ல, மருத்துவமனைக்கு. அங்கே அவர் தேடுவது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தை.

நள்ளிரவில் நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். டியூட்டி டாக்டர் கேட்கிறார், "சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?" பதறிக்கொண்டு நிற்கும் மகனோ மைத்துனரோ, "இருக்கும் டாக்டர், அஞ்சாறு வருஷமா" என்கிறார். உண்மையில் அது பெரியப்பாவுக்கு இருந்த சுகராகக்கூட இருக்கலாம். டாக்டர் எழுதிக்கொள்கிறார். நான்கு மாதம் கழித்து, 'பாலிசி எடுக்கும் முன்பே நீரிழிவு இருந்தது மருத்துவமனை ஆவணத்தில் உறுதியாகிறது' என்று நிராகரிப்புக் கடிதத்தில் அந்த ஒரு வரி வந்து உட்காரும்.

இங்கே குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. மறைத்தார் என்று சொல்லும் நிறுவனம்தான் முதலில் அதை நிரூபிக்க வேண்டும். யாரோ சொல்லி டாக்டர் எழுதிய முன்கதையை மட்டும் ஆதாரமாக ஏற்க முடியாது, எழுதிய மருத்துவரின் வாக்குமூலமோ, முன்பே சிகிச்சை எடுத்ததற்கான சீட்டு, பரிசோதனை அறிக்கை போன்றவையோ வேண்டும் என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. அதே சமயம், முறையான சிகிச்சை ஆவணங்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன 2020 வழக்கே உதாரணம். அவசரத்தில் மருத்துவமனையில் நிற்கும்போது, தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்வது ஒன்றும் தப்பில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் அந்த முன்கதைப் பகுதியைப் படித்து, தவறு இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள். பிறகு கேட்டால் யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

மெடிக்ளெய்மில் சண்டை இன்னும் அதிகம். 2009-ல் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா கிளம்பிய ஒருவர் வெளிநாட்டு மெடிக்ளெய்ம் எடுத்தார். தனக்கு நீரிழிவு இருப்பதைச் சொன்னார். கம்பெனிக்காக மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்துக் கொட்டியது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீரிழிவு உள்ளவருக்கு அந்த மாத்திரையைத் தடுப்பாகவும் கொடுப்பது வழக்கம். நோய் இருப்பதைத் தெரிந்து, மதிப்பிட்டு, பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதே நோயைக் காட்டி மறுக்க முடியாது என்றது தீர்ப்பு. 255 ஆண்டுக்கு முன் மேன்ஸ்ஃபீல்டு சொன்ன அந்த மறுபாதிதான் இது. அவர் உண்மையைச் சொல்லியிருந்ததால்தான் இந்த வாதம் அவருக்குக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும் என்று நீரிழிவையே மறைத்திருந்தால் கேஸே வேறு.

மருத்துவக் காப்பீட்டுக்கு 45-வது பிரிவு பொருந்தாது. அதற்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தனி விதி வைத்திருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, தகவலை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. 2024 வரை இது எட்டு ஆண்டாக இருந்தது. அதே 2024-ல் வந்த இன்னொரு விதி: க்ளெய்மை நிராகரிக்கும் முடிவை ஒரு தனி அலுவலர் எடுக்கக் கூடாது, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும்.

கடிதம் வந்துவிட்டது, இனி?

முதலில் கேட்க வேண்டியது ப்ரொபோசல் ஃபார்மின் நகல். அதில் இருக்கும் கையெழுத்து அவருடையதுதானா, பதில்கள் யார் கையெழுத்தில் இருக்கின்றன, கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் கையெழுத்து போட்டிருந்தால், 'படிவத்தை அவர் மொழியில் விளக்கிச் சொன்னேன்' என்று கீழே ஒருவர் உறுதியளித்திருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கிறதா, இருந்தால் யார் பெயர் என்று பாருங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதம் வரை பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும், காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர உத்தரவிடலாம். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, மேலே போகலாம்.

நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே வழக்கு போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். அதனால் வரிசை முக்கியம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இன்னொரு விஷயம்: எந்த ஆணையம் என்பதை இப்போது கேட்கும் தொகை முடிவு செய்வதில்லை, கட்டிய பிரீமியம் முடிவு செய்கிறது. ஒரு கோடி ரூபாய் டெர்ம் பாலிசியாக இருந்தாலும், கட்டிய பிரீமியம் 50 லட்சத்தைத் தாண்டாதவரை உங்கள் மாவட்ட ஆணையமே போதும். பிரீமியம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

இதெல்லாம் மறுத்த பிறகு செய்வது. மறுக்காமல் இருக்கச் செய்வது இன்னும் சுலபம். புதிதாகப் பாலிசி எடுத்தவர்களுக்கு, பத்திரம் கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாள் அவகாசம் இருக்கிறது; பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த 30 நாளில் செய்ய வேண்டிய வேலை, கூடவே வந்திருக்கும் ப்ரொபோசல் ஃபார்ம் நகலைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து படிப்பது. தப்பாக 'இல்லை' என்று டிக் விழுந்திருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துத் திருத்துங்கள். பிரீமியம் கூடலாம். சில நூறு ரூபாய்க்கோ, சில ஆயிரத்துக்கோ கூடும்.

காலக்கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு. ஆம்புட்ஸ்மேனுக்கு, உங்கள் புகாரைக் கம்பெனி நிராகரித்த பதில் கையில் கிடைத்ததில் இருந்து ஓர் ஆண்டு. துக்கம் நடந்த வீட்டில் முதல் ஆறு மாதம் எப்படிப் போகிறது என்றே தெரியாது. கடிதம் வந்த கவரை, தபால் முத்திரையோடு, தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.